பொந்து வைத்த மரம்

கிட்ட வந்து உட்காருங்க. சின்னக் கதைதான், பஸ் வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்.

"மரமா? போயும் போயும் மரமா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் வாயாடியின் அம்மா.

வாயாடி மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூட விழாவில் தேசியச் சின்னங்கள் நாடகம். விலங்கு, பறவை, பூ, மரம் என்று ஆளுக்கொரு வேஷம். மரத்துக்கு மட்டும் வசனமே கிடையாது.

"எதிர்வீட்டுப் பையனுக்குப் பறவையாம்! நாலு பேர் மூஞ்சியைப் பார்த்தாலே வாய் பூட்டிக்கும் அவனுக்கு. போன வருஷம் பூ வேஷத்தோட மேடையை விட்டு ஓடினவன். உனக்கு என்னடி குறைச்சல்?"

"மரம் போதும்மா" என்றாள் வாயாடி. அதற்கு மேல் பேசவில்லை. அதுவே அதிசயம்.

விழாவன்று காலை தையல் கடையில் அடுத்த சண்டை.

"என்னக்கா, மரம் தைக்கச் சொன்னா கூடாரம் தைச்சு வெச்சிருக்கீங்க? ரெண்டு பேர் குடியிருக்கலாம். நடுவுல ஓட்டை வேற!"

தையல்கார அக்கா வாயாடியைப் பார்த்தாள். வாயாடி தரையைப் பார்த்தாள்.

"கத்திரி வழுக்கிடுச்சும்மா."

"ஒட்டாவது போட்டுக் குடுங்க."

"நூல் தீர்ந்துபோச்சு."

"தையல் கடையில நூல் தீருமா? நல்லா இருக்கு நியாயம்!"

சாயங்காலம் மேடை. முதல் வரிசையில் பையனின் அப்பா, லீவு போட்டுவிட்டு, இஸ்திரி கலையாத சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

பறவை இறக்கையை விரித்துக்கொண்டு வந்தது. கூட்டத்தைப் பார்த்தது. அவ்வளவுதான்.

"நான்தான்... சொல்லுடா, நான்தான்..." திரைக்குப் பின்னாலிருந்து டீச்சர் கெஞ்சினாள். பையனின் கால் படிப் பக்கம் திரும்பியது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது மரம் நகர்ந்து முன்னால் வந்தது. மரப்பட்டைத் துணியைத் தூக்கியது.

"உள்ள வாடா. உங்க வீட்டுக் கதவுக்குப் பின்னால நின்னு சொல்லுவியே, அப்படியே சொல்லு."

பறவை உள்ளே புகுந்தது. மரம் பொந்தை மேடையின் பக்கச் சுவரைப் பார்க்கத் திருப்பிக்கொண்டது. பொந்திலிருந்து அலகு மட்டும் நீண்டது.

"நான்தான் தேசியப் பறவை! என்னை யாரும் கூண்டில் அடைக்கக் கூடாது!"

கணீரென்ற குரல். சிரிப்பும் கைதட்டலுமாகக் கூடமே அதிர்ந்தது. அப்பா எழுந்து நின்றே தட்டினார்.

வாயாடியின் அம்மா பின்வரிசைப் பக்கம் திரும்பினாள். "கத்திரி வழுக்கிடுச்சாக்கா?"

"அளவு பார்த்துதாம்மா வழுக்கிச்சு" என்றாள் தையல்கார அக்கா. "அளவு சொன்னது உன் பொண்ணு. திட்டு மட்டும் எனக்கு."

அம்மா மேடைப் பக்கம் திரும்பினாள்.

'மரம் அசையவே கூடாது' என்பதுதான் டீச்சர் வாயாடிக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம். வாயாடியோ உள்ளே இருந்தவனையும் கூட்டிக்கொண்டு, நாலு காலோடு குலுங்கிக் குலுங்கி மேடையின் விளிம்புக்கு வந்தாள். பொந்துக்கு நேரே அவன் அப்பா முகம் மட்டும் தெரிகிற மாதிரி திரும்பி நின்றுகொண்டாள்.