சட்டிச்சோறு

அகப்பையை அவள் விடவில்லை. பிடுங்கித்தான் வாங்கினான்.

கல்யாணமான நாளிலிருந்து அது அவள் கையில் இருப்பது.

"நவுரு. இன்னிக்கி நான் போடுறேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம். அடுப்பில் ஆட்டுக்கறிக் குழம்பு கொதி அடங்கிக் கிடந்தது. பக்கத்தில் முருங்கைக்கீரை. ஒரு மூடி எலுமிச்சை. எல்லாம் நர்சம்மா சொன்னபடி.

அவளுக்கு ரத்தம் எட்டுதான் இருக்கிறதாம். பத்துக்கு ஏறினால்தான் வயிற்றுக் கட்டியை எடுப்பார்களாம்.

"வீட்டுல கறி எடுக்குறதுண்டா?" என்று அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கேட்டாள் நர்சம்மா.

"வாரந்தவறாம எடுப்பேம்மா" என்றான்.

மூட்டை தூக்குகிற உடம்பு. அது இல்லாமல் முடியுமா? சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

நர்சம்மா அவனை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"ஒன் தட்டுல எத்தனை துண்டு விழும்?"

அவள் சிரித்தாள்.

பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அந்தச் சிரிப்பு அவன் கூடவே வந்தது.

இப்போது அவள் தட்டில் தேடித் தேடிப் போட்டான். ஈரல். நல்லி எலும்பு. தொடைக்கறி. பழக்கமில்லாத கை, குழம்பு தரையெல்லாம் சிந்தியது. மிச்சத் துண்டுகளைக் கிண்ணத்தில் எடுத்து, அவளுக்கு ராத்திரிக்கு என்று மூடி வைத்தான்.

"என்னய்யா, ஆட்டையே எந்தட்டுல படுக்க வச்சிருவ போலிருக்கு."

"பேசாமத் தின்னு செவந்தி."

"ஒனக்கு?"

"தின்னுன்னா தின்னு."

முதல் துண்டைச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தின்றாள், திருடித் தின்பவள் மாதிரி.

அப்புறம் மெல்ல இந்தப் பக்கம் திரும்பினாள்.

நல்லியை உறிஞ்சினாள். அந்த வீட்டில் அந்தச் சத்தத்தை இதுவரை அவன் ஒருத்தன்தான் போட்டிருக்கிறான்.

கேட்க நன்றாக இருந்தது.

தின்று முடித்து, டீ போட எழுந்தவளை உட்காரவைத்தான். கறி தின்ற கையோடு டீ குடித்தால் சத்து ரத்தத்தில் சேராதாம்.

அவன் சட்டியை இழுத்துக்கொண்டான்.

அடியில் மசாலா ஒட்டிக் கிடந்தது. சோற்றைப் போட்டுப் புரட்டி, வழித்துத் துடைத்தான். வாராவாரம் அவள் சாப்பிடுவது இதைத்தான். "சட்டிச்சோத்து ருசி எதுக்கும் வராது" என்பாள். ருசி கண்டவள் என்று அவனும் நினைத்திருந்தான்.

ஒரு வாய் வைத்தான்.

ருசியாகத்தான் இருந்தது. அவள் பொய் சொல்லவில்லை.

கை கழுவிவிட்டு வாசலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். உள்ளே அவள் சுவரில் சாய்ந்து, வாய் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள். உதட்டில் எண்ணெய் மினுங்கியது. எழுப்ப மனசு வரவில்லை.

பீடி பாதி எரிவதற்குள் அவனுக்குப் பசித்தது.