கிரீடம் பிரிக்கும் வேலை

“ராஜா இருந்தா என்ன, போனா என்ன, உனக்கென்னடி?” என்று எஸ்தர் டீச்சர் ஒருமுறை வகுப்பில் தவமணியைக் கேட்டார். ஏழாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. மறு வருடம் மன்னராட்சி போய்க் குடியரசு வந்தது. பள்ளிக்கூடம், தபால், போலீஸ் என்று நாட்டின் சீருடைகளெல்லாம் மூட்டை மூட்டையாகத் தையற்கடைக்கு வந்து இறங்கின. சட்டைப்பையில் நூலால் வேலைசெய்த கிரீடத்தை பிளேடால் பிரித்தெடுப்பது தவமணியின் வேலை. பிரித்த இடத்தில் குடியரசின் சின்னமான சக்கரம் போட்ட துணியை வைத்துத் தைப்பார்கள். அந்தக் கூலியில்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது.

அரண்மனை மானியம் நின்று பள்ளிக்கூடத்தை மூடியதும், எஸ்தர் டீச்சரும் அதே வேலை கேட்டு வந்தார். தவமணி நகர்ந்து இடம் விட்டாள். முதல் சட்டையைப் பிரித்து முடித்த டீச்சர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நூல் போயிருந்தது. சட்டை முழுக்க வெளுத்திருக்க, நூலுக்கு அடியில் இருந்த துணி மட்டும் வெளுக்காமல் கிரீடமாகவே நின்றது.

“முதலாளி, சக்கரத்தைக் கொஞ்சம் பெருசா வெட்டி இது மேலயே தைச்சிட்டா, பிரிக்கவே வேண்டாமே?” என்றார் டீச்சர்.

முதலாளி துள்ளி எழுந்தார். “படிச்சவங்க படிச்சவங்கதான்! ஆறு மாசமா உக்காந்திருக்கியே தவமணி, உனக்குத் தோணுச்சா? நாளையிலேருந்து இந்த வேலைக்கு ஆளே வேண்டாம்!”

தவமணிக்கு அது முதல் நாளே தெரியும். அவள் மடியில் கிடந்த நூல்துண்டுகளைத் தட்டிவிட்டாள்.

டீச்சர் அவளையே பார்த்தார். பிறகு பிளேடை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.