பூதத்தின் கீழுதடு

"பூதம் இன்னைக்கும் சாப்பிடலையாம்" என்றபடி தட்டோடு வந்து உட்கார்ந்தார் லைட்மேன்.

"பதினேழு நாளா இதே கதைதான்" என்றாள் காஸ்ட்யூம் அக்கா. "கேட்டா, பூதம்னா பசியோட இருக்கணும், அப்பதான் கண்ணுல தெரியும்னு சொல்றாராம்."

"நாவல் எழுதினவருக்கே இது தோணியிருக்காது."

எல்லோரும் சிரித்தார்கள்.

பழைய திகில் நாவல் ஒன்றைப் புதிதாகப் படமாக்கிக்கொண்டிருந்தார்கள். பாழடைந்த மாளிகை, அதன் நிலவறையில் ஒரு பூதம். பூதமாக நடிப்பவர் நாடகத்திலிருந்து வந்தவர். அவருக்கு இதுதான் முதல் படம். சாப்பாட்டு நேரத்தில் யாரோடும் சேர மாட்டார். அட்டை மாளிகையின் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து, ஸ்ட்ரா போட்டு ஒரு டம்ளர் ஜூஸ் குடிப்பார். அவ்வளவுதான்.

"நீ சொல்லும்மா. நாள்பூரா அவர் மூஞ்சியிலதானே உனக்கு வேலை?" என்று மேக்கப் போடும் பெண்ணைக் கேட்டார் லைட்மேன்.

கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள் நின்றாள்.

"காலையில நாலு மணி நேரம் ரப்பர் மூஞ்சியை ஒட்டறேன். ஒரு வார்த்தை பேச மாட்டார். முதல் படத்துக்கே இவ்வளவு பந்தான்னா, அடுத்த படத்துல நாமெல்லாம் அவர் கண்ணுக்கே தெரிய மாட்டோம்."

சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள். சாப்பாட்டுக்கு விடுவது ஒரு மணி நேரம். அதற்குள் இரண்டு தெரு தள்ளி இருக்கும் தன் சொந்த அக்கா வீட்டுக்குப் போய்த் திரும்பியாக வேண்டும்.

அங்கே அவளுடைய ஐந்து மாதக் குழந்தை இருந்தது. அவள் போனால்தான் பால் குடிக்கும்.

யூனிட்டில் யாருக்கும் இது தெரியாது. கைக்குழந்தை இருக்கிறது என்று தெரிந்தால் மேனேஜர் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார். போன படத்தில் ஒருத்தியைப் பாதியிலேயே அனுப்பிவிட்டார்.

முதல் நாள் மட்டும்தான் அவளால் வீட்டுக்குப் போக முடியவில்லை. அன்றைக்குப் பூதம் வயிறாரச் சாப்பிட்டது. மென்று மென்று ரப்பர் கீழுதடு பிய்ந்து தொங்கியது. புது உதட்டை ஒட்டி, காயவைத்து, நிறம் பூசுவதற்குள் பிரேக் முடிந்துவிட்டது.

ஒட்டும்போது அவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். காதுகளும் ரப்பருக்குள் இருந்தன. அந்தத் தைரியத்தில், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அக்காவிடம் கிசுகிசுத்தாள்.

"பாட்டில்ல குடிக்கவே மாட்டேங்குதா? ஸ்பூன்ல குடுத்துப் பாரேன்க்கா. நான் இப்ப வர முடியாது."

அதற்குள் "ஷாட் ரெடி" என்று குரல் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரஷ்ஷை எடுத்தாள்.

இருபத்தோராம் நாள்தான் படப்பிடிப்பின் கடைசி நாள். சாப்பாட்டு பிரேக்குக்குக் கொஞ்சம் முன்னால், மாளிகைப் படிக்கட்டில் ஓடி வந்த பூதம் நாலாவது படியில் அப்படியே சரிந்தது.

டாக்டர் வந்து பார்த்தார்.

"வயித்துல ஒண்ணுமே இல்லை. அதான் மயக்கம். முதல்ல சாப்பிட வைங்க."

மேனேஜர் கத்தவில்லை. அமைதியாகத்தான் சொன்னார்.

"உங்க நடிப்புப் பைத்தியத்துக்கு என் ஷூட்டிங்தான் கிடைச்சுதா? ரெண்டாம் பாகத்துக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன். ரப்பருக்குள்ள யார் இருந்தா என்ன, பார்க்கிறவங்களுக்குத் தெரியவா போகுது?"

பூதம் தலையைக் குனிந்துகொண்டது.

"பசியோட இருந்தா நல்லா வரும்னு நினைச்சேன் சார். தப்புதான்."

'நல்லா வேணும்' என்று நினைத்துக்கொண்டாள் மேக்கப் பெண். நெற்றி, கன்னம், உதடு எல்லாமே பெயர்ந்திருந்தன. இனி முதலிலிருந்து ஒட்ட வேண்டும். இன்றைக்குப் பார்த்து வீட்டுக்குப் போக முடியாது. அக்காவின் போன் மூன்று முறை வந்தது. மூன்று முறையும் எடுக்காமல் நிறுத்தினாள்.

மாலையில் கடைசி ஷாட் முடிந்தது. எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்ளப் போய்விட்டார்கள். மேக்கப் அறையில் அவர்கள் இரண்டு பேர்தான். பசையைக் கரைக்கும் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு, ரப்பரைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகிற அவசரம். கை கொஞ்சம் கடுமையாகவே போனது.

கடைசியாகக் கீழுதடு வந்தது. அடியில் இருந்த நிஜ உதடு வறண்டு வெடித்திருந்தது.

"அவ்வளவுதான் சார். எழுந்துக்கலாம்."

அவர் எழுந்திருக்கவில்லை. கதவு மூடியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மன்னிச்சுக்கம்மா, இன்னைக்கு ஒரு நாள் என்னால சமாளிக்க முடியலை. குழந்தை பாட்டில்லயாவது குடிச்சுதா?"