மாடியில் ஏறிய எருமை

மொட்டை மாடியில் நின்ற சிமெண்ட் விமானத்தை குர்மேஜ் சிங் தன் கையாலேயே இடித்துத் தள்ளியபோது ஊரே வாயடைத்துப் போனது.

நக்கோதர் பக்கத்து ஊர்களில் மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிய வீட்டில் தண்ணீர்த் தொட்டி விமான உருவத்தில்தான் இருக்கும். மகன் லக்வீர் கனடாவுக்குப் போனபோது குர்மேஜ் ஆசை ஆசையாகக் கட்டியது அது.

அதே இடத்தில் மிஸ்திரி புதிதாகக் கட்டி முடித்ததைப் பார்த்த பிறகுதான் நிஜமான அதிர்ச்சி.

எருமை!

கன்னங்கரேல் என்று, வளைந்த கொம்பும் தொங்கும் மடியுமாக, தெருவையே முறைத்துக்கொண்டு நின்றது.

"கிழவருக்கு மூளை கலங்கிடுச்சு."

"அதெல்லாம் தெளிவாத்தான் இருக்காரு. மருமகளைக் குத்திக் காட்டறாரு" என்றாள் எதிர்வீட்டு ஜீத்தோ.

அதுதான் எல்லோருக்கும் சரியாகப் பட்டது. லக்வீர் விட்டுவிட்டுப் போன மனைவி ராஜ்விந்தர், எருமை வளர்த்து, பால் ஊற்றித்தான் வீட்டை நடத்துகிறாள். ஊர்ப் பெண்கள் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் 'எருமைக்காரி'. அதை மாமனாரே கூரை ஏறிச் சொல்லிவிட்டாரே!

இரண்டே நாளில் படம் இணையத்துக்குப் போய்விட்டது. மீன் மாதிரி செருப்பு, பல்செட் மாதிரி சோபா என்று உலகத்து விசித்திரங்களை எல்லாம் போடும் ஒரு பக்கத்தில், இந்த வீடு. வாசலில் எழுதியிருந்த குடும்பப் பெயரும் ஊர்ப் பெயரும் பளிச்சென்று தெரிந்தன.

'குழாயைத் திறந்தா பால் வருமா?'

'காத்து வாங்க ஏறிடுச்சு. யாராவது இறக்கி விடுங்கப்பா.'

லட்சம் பேர் சிரித்தார்கள்.

பால் ஊற்றப் போன இடத்தில் யாரோ ராஜ்விந்தரிடம் செல்போனை நீட்டிக் காட்டினார்கள். பாதிப் பாலோடு திரும்பி வந்தவள், பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"பாப்பாஜி, நான் உங்களுக்கு என்ன குறை வெச்சேன்? உங்க பையன் நம்பரை மாத்திட்டுத் தலைமறைவானப்போகூட நான் இப்படி அழல. ஊர் சிரிச்சா தாங்கிக்குவேன். நீங்களுமா?"

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த குர்மேஜ் கையில் இருந்த செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர்த் தலைவர் நாலு பேரோடு உள்ளே வந்தார்.

"வெக்கமா இல்லையா குர்மேஜ்? அப்பன் இல்லாத பொண்ணு. உன் பெண்டாட்டி படுத்த படுக்கையா கிடந்தப்ப மலம் மூத்திரம் அள்ளினவ. அவளைப் போய்..."

"கொஞ்சம் பொறுங்க தலைவரே."

"எதுக்குப் பொறுக்கணும்?"

"ஒரு போன் வரணும்."

வந்தது. வெளிநாட்டு எண். குர்மேஜ் எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டார்.

"பாப்பாஜி! என்ன கூத்து இது?"

துப்பட்டாவை மடித்துக்கொண்டிருந்த ராஜ்விந்தரின் கை அப்படியே நின்றுவிட்டது. நாலு வருஷம் கழித்துக் கேட்கும் குரல்.

"யார் பேசறது?"

"நான்தான், லக்வீர்!"

"எந்த லக்வீர்?"

"விளையாடாதீங்க! கூட வேலை பார்க்கறவனுங்க என் வீட்டுப் படத்தை என்கிட்டயே காட்டிச் சிரிக்கறானுங்க. குருத்வாராவுல தலைகாட்ட முடியல. இப்பவே அதை இடிங்க! எந்த நாய் அந்தப் படத்தைப் போட்டுச்சு?"

"நான்தான் போட்டேன்."

ராஜ்விந்தர் சட்டென்று மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். ஊர்த் தலைவரும்தான்.

"உன் பெண்டாட்டி கூப்பிட்டா, நீ எடுக்கல. உங்கம்மா சாகக் கிடந்தப்ப உன் சிநேகிதன் ஒருத்தன் விடாம எல்லார்கிட்டயும் சொல்லி அனுப்பினேன், நீ கூப்பிடல. உனக்கு எதுதான் உறைக்கும்னு யோசிச்சுப் பார்த்தேன். பாசம் உறைக்காது, கௌரவம் உறைக்கும். பாரு, எருமை மேல ஏறின உடனே அப்பன் நம்பர் ஞாபகம் வந்துடுச்சு!"

போனை மருமகளிடம் நீட்டினார்.

"உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா, புருஷனை அவமானப்படுத்த வேண்டாம்னு நீயே தடுத்திருப்ப. அதான் சொல்லல. அழ வெச்சதுக்கு மன்னிச்சுடு. பேசும்மா. வான்னு சொல்றியோ, போன்னு சொல்றியோ, உன் இஷ்டம்."

ராஜ்விந்தர் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். போனை வாங்கினாள்.

"விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"அது... பார்க்கலாம். இப்ப என்ன அவசரம்?"

குர்மேஜ் குனிந்து போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனார்.

"அவசரமே இல்லப்பா. நீ நிதானமா பாரு. நாளைக்கு மிஸ்திரியைக் கூப்பிட்டு, எருமை வயித்துல பெரிய எழுத்துல உன் பேரை எழுதச் சொல்றேன். எழுதினதும் படம் எடுத்துப் போடறேன்."

ஊர்த் தலைவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கையெழுத்து வந்து சேர்ந்தது. குர்மேஜ் எருமையை இடித்துவிட்டு, சாதாரணக் கறுப்புத் தொட்டி ஒன்றை வாங்கி வைத்தார்.

அடுத்த குளிர்காலத்தில், அதே வீட்டு வாசலில் மேளதாளத்தோடு ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் வந்து நின்றது. குருத்வாராவில் வேதம் வாசிக்கும் கிரந்தி பிரார்த்தனையை முடித்துவிட்டு, சம்பந்திகள் மாலை மாற்றிக்கொள்ள அழைத்தார்.

"பொண்ணோட அப்பா முன்னால வரலாம்."

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. ஜீத்தோ தலையைக் குனிந்துகொண்டாள்.

கையில் மாலையோடு குர்மேஜ் சிங் முன்னால் வந்தார்.