நடுவில் கூடும் வெளிச்சம்

பகல் பதினொரு மணி. ராமநாதபுரம் கல்லூரி ஆய்வகத்தின் ஜன்னல்களைக் கறுப்புத் துணி மறைத்திருக்கிறது. காற்றை உறிஞ்சி எடுத்த எஃகுக் கலத்துக்குள், இரண்டு அகலமான உலோகத் தட்டுகளுக்கு நடுவே ஆர்கான் வாயு மின்சாரத்தால் இளஊதாவாக ஒளிர்கிறது. ஓரம் மங்கல், நடு மட்டும் பளீர். சிக்கல் கிராமத்தில் நாற்று நடும் குடும்பத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த ஜோதிகா அதன் முன் நிற்கிறாள். “தட்டு கோணலா இருக்கும்மா, நிமித்துனா சரியாயிரும். வெளிச்சம் சீரா இருக்குன்னு அறிக்கையில எழுதிரு. நாளைக்கு அனுப்பணும்,” என்கிறார் நெறியாளர் காளிதாஸ், கையிலுள்ள அறிக்கைத் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஏழு தடவை கழட்டி மாட்டிட்டேன் சார். கோணல் அங்கன இல்ல.” அவள் மின்சாரத்தின் அதிர்வெண்ணை அறுபது மெகாஹெர்ட்ஸிலிருந்து பதின்மூன்றுக்கு இறக்குகிறாள். வெளிச்சம் ஓரம்வரை சமமாகப் பரவுகிறது. மறுபடி ஏற்றுகிறாள். நடு மட்டும் கொதிக்கிறது. “அதிர்வு வேகம் கூடுனா மின்னலை சுருங்குது சார். ரெண்டு தட்டுக்கும் இடையிலயே நின்னு நடுவுல பெருகுது. தட்டு மேல பழி போட்டு, சீரா இருக்குன்னு நான் எழுத மாட்டேன்.” “அப்ப என் கையெழுத்து கிடைக்காது.” பம்ப் உறுமுகிறது. ஜோதிகா அறிக்கையை அவர் கையிலிருந்து வாங்கி, ‘வெளிச்சம் சீராக இல்லை’ என்று எழுதி, கீழே தன் பெயரை முழுசாகப் போட்டு நீட்டுகிறாள். அவர் வாங்கவில்லை. அவளும் கையை இறக்கவில்லை. கடைசியில் அவர்தான் குனிந்து, கலத்தின் கண்ணாடிச் சாளரம் வழியே உள்ளே பார்க்கிறார்.