எதிர்வீட்டுக் கிளிக்

“எவனோ வேணும்னே செய்றான்லா,” என்றான் சத்தியசீலன், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தனேஸ்வரி தரையில் உட்கார்ந்து குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் சோறு, ஒரு கையில் போன். போனைக் காட்டினால்தான் குழந்தை வாயைத் திறக்கும்.

“என்னங்க ஆச்சு?”

“கிளிக் மட்டும் ஏறிக்கிட்டே போகுது. மாசம் பூரா வித்தது ஒரே ஒரு கிரைண்டர்.”

“கிளிக் ஏறினா நல்லதுதானேங்க?”

“உனக்குச் சொன்னாப் புரியாது, விடு.”

அவள் விட்டுவிட்டாள். எப்போதும் அப்படித்தான்.

சத்தியசீலன் கையுறை ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே கிரைண்டர் விற்கிறான். கிரைண்டர் அவனுடையதல்ல, ஒரு கம்பெனியுடையது. யார் யாரோ நடத்தும் சமையல் பக்கங்களில் இவன் விளம்பரம் வைப்பான். அதை அமுக்கி உள்ளே போய் யாராவது வாங்கினால் இவனுக்குக் கமிஷன். வாங்காமல் சும்மா அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனாலும், அந்த அமுக்கலுக்கு இவன்தான் காசு கட்ட வேண்டும். அமுக்குகிறவர்களில் நாலு பேராவது வாங்கினால்தான் கட்டுப்படியாகும்.

“இந்த வாரமும் இப்படியே போனா மறுபடியும் புஞ்சாக் ஆலாம் ஃபேக்டரிதான். நைட் ஷிஃப்ட்தான்.”

தனேஸ்வரியின் கை பாதி வழியில் நின்றது. குழந்தை வாயைத் திறந்தபடி காத்திருந்தது.

“எந்த ஊர்லேர்ந்து அமுக்குறாங்கன்னு இதுல காட்டும். ஈப்போ இல்ல, ஜொகூர் இல்ல. எல்லாம் நம்ம புக்கிட் ரோத்தான். இந்த ஊர்ல எனக்கு யாரு எதிரி?”

கேட்டுக்கொண்டே ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தான்.

எதிர்வீட்டு நல்லசாமி, எஸ்டேட்டில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர்; மனைவி அமராவதியோடு இருக்கிறார். குழந்தைக்குப் பேர் வைத்த அன்று, பந்தல் நிறைய ஆட்கள் இருக்கும்போது கேட்டார்: “ஏன் தம்பி, கிரைண்டர் யாவாரம்ங்கிற. கடையும் இல்ல, சாமானும் இல்ல. காத்தையா அரைக்கிற?”

பந்தலே சிரித்தது. அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

“அந்தக் கிழவன் வேலைதான்.”

“மாமாவா இருக்காதுங்க. அவரு நல்லவரு.”

“கல்யாணம் ஆகி வந்ததிலேர்ந்து நீ அந்த ஆள நிமிர்ந்துகூட பாத்ததில்ல. நல்லவருன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

தனேஸ்வரி என்னவோ சொல்ல வந்தாள். பிறகு ஒரு பிடி சோற்றை உருட்டிக் குழந்தையின் வாயில் வைத்தாள்.

அவன் விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டினான்.

நல்லசாமி கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, போனைக் குத்திக்கொண்டிருந்தார். திரையில் இவனுடைய விளம்பரம்.

“கையும் களவுமா மாட்டினீங்களா மாமா?”

அவர் போனைத் துண்டுக்கடியில் தள்ளப் பார்த்தார். “பாத்துட்டியா? உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் இருந்தேன்.”

“ஏன் மாமா என் வயித்துல அடிக்கிறீங்க? நான் உங்களுக்கு என்ன…”

சப்பாத்து அலமாரிக்குப் பக்கத்தில், பிரிக்காத ஒரு பெட்டி இருந்தது. அவன் விற்கும் அதே கிரைண்டர்.

“அதுவா,” என்றார் நல்லசாமி. “அமராவதிக்குப் பழையதே நல்லா ஓடுது. இருக்கட்டும்லா, கிரைண்டர் என்ன சோறா கேக்குது? அன்னைக்குப் பந்தல்ல என் வாய் சும்மா இருக்காம ஒரு வார்த்தை விட்டுட்டேன். மன்னிப்புக் கேக்கவும் வெக்கமா இருந்துச்சு. விளம்பரத்த அமுக்கினா உனக்குக் காசு ஏறும்னு சொன்னாங்க. அதான் காலைல தேத்தண்ணி குடிச்சதும் உக்காந்து அமுக்குறேன். விரலெல்லாம் வலி தம்பி.”

சத்தியசீலன் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

“காசு ஏறும்னு யாரு மாமா சொன்னது?”

“அத மட்டும் கேக்காத. வாக்குக் குடுத்திருக்கேன்.”

“சரி, போதும் மாமா. இதுக்கு மேல அமுக்கினா கம்பெனிக்காரன் சந்தேகப்படுவான்.”

“அப்படியா? அப்ப அமராவதிகிட்டயும் சொல்லிடுறேன். அவ தங்கச்சி வீட்டையே அமுக்க வச்சிருக்கா.”

“இப்பவே சொல்லிடுங்க மாமா.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

“மனுசன் தங்கம், தனேஸ். நான்தான் தப்பா நெனச்சிட்டேன். ஆனா எந்த மக்கு அவருக்குச் சொல்லிக் குடுத்துச்சோ தெரியல. ஒவ்வொரு அமுக்கலுக்கும் காசு எனக்கு வர்றதில்ல, என்கிட்டேர்ந்து போறது.”

தனேஸ்வரி மெதுவாகப் போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

அவன் பார்த்தான். “நீயா? நீ போய் அவருகிட்ட பேசினியா?”

“உங்களக் கேட்டா புரியாதுன்னு சொல்றீங்க. நானா ஒன்னு புரிஞ்சுக்கிட்டேன்.”

அவன் கணினியைத் திருப்பி அவள் பக்கம் வைத்தான்.

“வா, உக்காரு. மொதல்லேர்ந்து சொல்றேன். மாமா அமுக்கினது இதோ, காலைல. ஆனா மத்தியானமும் சாயங்காலமும் இவ்வளவு ஏறியிருக்கே, இது யாரு?”

தனேஸ்வரி தட்டில் மிச்சமிருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“பாப்பாவுக்கு ஒரு வாய், உங்களுக்கு ஒரு கிளிக்குங்க. பாப்பாவாச்சும் சில நாள் சாப்பிடாம ஓடிடும். உங்களுக்கு நான் ஒரு நாளும் கொறச்சதே இல்ல.”