இரண்டாம் டிராகொமிர்

"ஒரு ராஜா எத்தனை தடவை சாவார்?"

குழந்தைக்காக எடுத்த இரண்டு வருட விடுப்பு முடிந்து, திங்கட்கிழமை காலை ஸோர்னிட்சா அலுவலகத்துக்குள் நுழைந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கேட்டவன் லியூபென், விடுப்பில் அவள் வேலையைப் பார்த்தவன். டான்யூப் நதி தெரியும் ஜன்னலோரத்தில், அவளுடைய பழைய நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டான்.

"பொதுவா ஒரு தடவை," என்றாள்.

"அப்புறம் எதுக்கு அம்மணி நாலாயிரம் வரி?"

நாலாயிரம் வரியும் அவள் எழுதிய கணினி நிரல். ஆற்றங்கரைக் கோட்டையில் இருக்கும் அருங்காட்சியகத்துக்காக எழுதியது. திரையில் ஒரு ராஜாவைத் தொட்டால் அவர் கதை விரியும்.

ஆனால் அந்தக் கோட்டையை ஆண்டவர்கள் ஒழுங்காக வாழ்ந்து ஒழுங்காகச் செத்தவர்கள் இல்லை. ஒருவர் பாதியில் துறவியாகிவிட்டு, மடத்துச் சாப்பாடு பிடிக்காமல் திரும்பி வந்தார். டிராகொமிர் என்ற ராஜாவை அவர் தம்பியே பிடித்துக் கண்களைத் தோண்டி மடத்தில் போட்டான். பதினோரு வருடம் அங்கே தேனீ வளர்த்தார் மனிதர். பிறகு ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, மறுபடி சிம்மாசனத்தில் உட்கார்ந்தார்.

அவருக்கு மட்டும் முந்நூறு வரி.

லியூபென் எல்லாவற்றையும் நாற்பது வரியாக்கிவிட்டான். விதி ஒன்றுதான். நாற்காலியில் புது ஆள் உட்கார்ந்தால் பழைய ஆள் செத்தாயிற்று.

அலுவலகமே கைதட்டியதாம். முதலாளி ராங்கெல், 'எளிமை' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார். அதோடு விடாமல், ஊழியர் பதிவேட்டிலும் அதே நாற்பது வரியைப் போடச் சொல்லிவிட்டார். கல்யாணம், பிறந்தநாள், சாவு, எதுவானாலும் பதிவேடே கணக்குப் பார்த்துப் பூக்கடைக்குச் சொல்லி அனுப்பிவிடும். மனிதர்கள் யாரும் மனிதர்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அவளை வரவேற்கவும் பூ வந்திருந்தது. ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவளுக்காகப் புதிதாகப் போட்டிருந்த மேசையில். வெள்ளைச் செவ்வந்தி, எட்டு.

அந்த ஊரில் உயிரோடிருப்பவர்களுக்கு ஒற்றைப்படையில்தான் பூ கொடுப்பார்கள். இரட்டைப்படை கல்லறைக்கு. நடக்கப் பழகிய பிள்ளைகூட எண்ணிப் பார்த்துத்தான் நீட்டும்.

அவள் கொண்டுவந்த சாக்லேட்டை எடுக்க வந்தவர்கள் எல்லோரும் பூவைப் பார்த்தார்கள், எண்ணினார்கள், பிறகு மென்று தின்பதில் மும்முரமானார்கள்.

"பதிவேட்டைக் குத்தம் சொல்லாதீங்க," என்றான் லியூபென். "உங்க நாற்காலியில நான் இருக்கேன். அதுக்குத் தெரிஞ்சதைத்தானே அது செய்யும்? ஒரு பூ கூடினா என்ன, குறைஞ்சா என்ன?"

"அது என் நாற்காலிதானே?"

"சட்டப்படி உங்களுதேதான். உட்கார்றதுக்கு மட்டும் நான்."

அவள் ஒரு பூவை உருவி அவனுடைய காப்பிக் கோப்பையில் போட்டாள். தன் மேசையில் ஏழு.

வியாழக்கிழமை அருங்காட்சியகத்திலிருந்து வந்து கையெழுத்துப் போட்டுவிட்டால் நாற்பது வரி நிலைத்துவிடும். லியூபெனும் ஜன்னலோரத்தில் நிலைத்துவிடுவான். அவள் ஜெராக்ஸ் இயந்திரத்தோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

வியாழக்கிழமை வந்தவர் நெவெனா. அந்தக் கோட்டையின் ராஜாக்களை முப்பது வருடமாக ஆராய்ந்தவர். புருஷனைப் பற்றிக்கூட அவருக்கு அவ்வளவு தெரியாது என்று ஊரில் சொல்வார்கள். நேராகத் திரையில் டிராகொமிரைத் தொட்டார்.

"இவர் இங்க எப்படிச் செத்தார்?"

"தம்பி பட்டத்துக்கு வந்துட்டாரே மேடம்."

"அப்போ பதினோரு வருஷம் கழிச்சு வந்தது யாரு?"

"அவர் இரண்டாம் டிராகொமிர்," என்றான் லியூபென். "புது ராஜா."

"புது ராஜாவுக்குக் கண்ணு எங்க போச்சு?"

லியூபென் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "பிறவியிலேயே பார்வை இல்லைன்னு போட்டுக்கலாம் மேடம். ஒரு வார்த்தைதான்."

நெவெனா பேனாவை மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். ராங்கெலைப் பார்த்து, "என் டிராகொமிர் எப்போ திரும்பி வர்றாரோ, அப்போ நானும் வர்றேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராங்கெல் சுவரில் இருந்த 'எளிமை'யைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"வயசாயிடுச்சு பாவம்," என்றான் லியூபென், நெவெனாவைப் பற்றி. ஸோர்னிட்சா ஜெராக்ஸ் இயந்திரத்துக்குக் காகிதம் நிரப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருப்பதால் அந்த வேலையும் அவளுக்கே வந்திருந்தது.

அரை மணி நேரத்தில் பூக்கடைக்காரி வந்தாள். எல்லோரும் ஸோர்னிட்சாவைப் பார்த்தார்கள்.

பூக்கடைக்காரி ஜன்னலோரம் போனாள். "லியூபென் நீங்கதானே?" என்று கேட்டு, அவன் தலையாட்டுவதற்குள் பூங்கொத்தை மேசையில் வைத்துவிட்டு, வந்ததைவிட வேகமாக வெளியே போய்விட்டாள்.

லியூபென் சிரித்தான். பிறகு எண்ணினான். மறுபடி, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான்.

பதிவேட்டைத் திறந்தான். ராங்கெல் யாரையும் வேலையை விட்டு அனுப்பியிருக்கவில்லை. ஒரே ஒரு பெயரைத்தான் எழுதியிருந்தார். மிச்சத்தை நாற்பது வரியும் தாமாகவே பார்த்துக்கொண்டிருந்தன.

'ஜன்னலோர நாற்காலி: இரண்டாம் ஸோர்னிட்சா.'

லியூபென் எழுந்து மேல்கோட்டை மாட்டிக்கொண்டான். பூங்கொத்தைக் கையில் எடுத்தான். வாசல் வரை போனவன் நின்றான். திரும்பி வந்தான்.

ஒரு பூவை மட்டும் கவனமாக உருவி நாற்காலியின் மேல் வைத்தான். மீதி ஏழு பூவையும் மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே போனான்.